மேல்மாடி நடை

"மேல போறவங்க நிக்காம நடங்க," என்றார் காவல்காரர் சூசை, நுழைவுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தபடி. "அம்புட்டும் பர்மாத் தேக்குப் பலகை. நீங்க எடுத்து வைக்கிற ஒவ்வொரு காலும் எனக்குக் கீழ கேக்கும். சத்தம் வந்தா பயமில்ல. சத்தம் நின்னாத்தான் பயம். எவனோ எதையோ சுரண்டுதான்னு அர்த்தம்."

வரிசையில் நின்ற கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். சந்தனமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கைபேசியைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஜெபராணி அனுப்பிய செய்தி அப்படியே இருந்தது: "இன்னும் நடந்துக்கிட்டேதான் இருக்காவ. சீக்கிரம் வாக்கா."

தூத்துக்குடியில் பிறந்து துறைமுகத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவள், இந்த மிராண்டா மாளிகைக்குள் கால் வைப்பது இதுதான் முதல்முறை. கீழ்த்தளத்தில் முத்து நிறுக்கும் தராசுகள், முத்துகளைத் தரம் பிரிக்கும் பித்தளைச் சல்லடைகள், குடும்பத்தின் முதலெழுத்து பொறித்த பீங்கான் தட்டுகள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடிச் செருப்பு. எதன் முன்னாலும் அவளால் நிற்க முடியவில்லை. படியேறிவிட்டாள்.

மேலே ஒரே ஒரு நீண்ட நடை. ஒரு கோடியில் கடலைப் பார்த்த ஜன்னல், மறுகோடியில் மாடிப்படி. நடுவில், இடப்பக்கம், சாத்திய ஒரு கதவு. திரைச்சீலை போட்டு இருட்டாக்கியிருந்தார்கள். அந்த இருட்டில் தரைமேல் இரண்டு வெளிச்சப் பாதங்கள் தாமாகவே நடந்துகொண்டிருந்தன. ஜன்னலிலிருந்து படிவரை, படியிலிருந்து ஜன்னல்வரை. இடது பாதம் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம்.

ஒரு பெண்குரல் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. "இது தாய் நடை. இசபெல்லா மிராண்டா, வயது இருபத்திரண்டு. காசநோயால் இறப்பதற்கு முந்தைய மாதங்களில், தன் கைக்குழந்தையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு இரவெல்லாம் நடந்த நடை. அந்த எடையைத்தான் இடது பாதத்தின் வெளிச்சமாகப் பார்க்கிறீர்கள்."

கல்லூரிப் பெண்களில் ஒருத்தி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். சந்தனமாரி பாதங்களின் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. கதவுக்கு நேராக வந்ததும், சீராகப் போன வலது பாதம் ஓரடி கூடுதலாக எட்டி வைத்ததே, அதைத்தான் பார்த்தாள். போகும்போதும் எட்டி வைத்தது. வரும்போதும் எட்டி வைத்தது.

அலுவலகத்தில் யாரோ அனுப்பிய காணொளியில் போன வாரம் இதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. கைபேசியில் தன் வீட்டுக் கூடத்தில் எடுத்த காட்சியை ஓடவிட்டாள். அம்மா பேச்சிக்கனி, எழுபத்தெட்டு வயது, ஜன்னலிலிருந்து சமையல்கட்டுப் பக்கம் நடக்கிறாள். நடுவில், ஒன்றுமே இல்லாத வெறும் தரையில், வலது காலை எட்டி வைத்து எதையோ தாண்டுகிறாள்.

தரைகளை வாசிக்க முடியும் என்று கண்டுபிடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஒவ்வொருவர் காலும் தரையில் இறங்குகிற விதம் தனி. மரமோ கல்லோ அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. கருவி அதைத் திரும்பச் சொல்லிவிடுகிறது. அரசாங்கத்துக்கு இது பிடித்துப்போய், ரேஷன் கடையிலும் முதியோர் உதவித்தொகைக்கும் கைரேகைக்குப் பதில் பலகைமேல் நடந்து காட்டச் சொன்னது. வீடுகளுக்குத்தான் ஆகவில்லை. எங்கள் கூடத்துக்குள் வெளிச்சாதிக் கால் பட்டதே கிடையாது என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்த ஒரு குடும்பத்தில், தாழ்வாரத்திலிருந்து படுக்கையறைவரை ஒரு வெறுங்கால் தடம் வருடக்கணக்காக வந்துபோயிருப்பது தெரிந்தது. பெரிய வீட்டுக்காரர்கள் அவசரம் அவசரமாகப் பழைய தரையைப் பெயர்த்துப் புதிதாக மார்பிள் பதித்தார்கள். மார்பிள் வியாபாரிகள் கொழித்தார்கள். மிராண்டா குடும்பம் மட்டும் தரையைப் பெயர்க்காமல், வீட்டை அறக்கட்டளையாக்கிக் காட்சிக்கு வைத்தது. அதற்காக ஊரே அவர்களைப் பாராட்டியது.

படியோரச் சின்ன அறையில் கருவிக்கு முன்னால் ஒருவன் உட்கார்ந்து தேங்காய்ப்பன் தின்றுகொண்டிருந்தான். காயல்பட்டினத்து ஹாஜா மைதீன். இந்த வீட்டின் தரையை வாசித்தவன் அவன்தான்.

"தம்பி, அந்தக் கதவுகிட்ட எட்டிக் கால் வைக்காங்கள்ல. அங்கன என்ன கிடந்துச்சு?"

"மரப்பெட்டி. பக்கத்துல எழுதி வச்சிருக்கே, படிக்கலியா?"

"பச்சப் பிள்ளையத் தூக்கிட்டு இருட்டுல நடக்கிறவ, வழியில கிடக்கிற பெட்டிய ஒரு நாள்கூடவா ஓரமாத் தள்ளி வைக்க மாட்டா?"

ஹாஜா மெல்லுவதை நிறுத்தினான். "அக்கா, இத்தன ஆயிரம் பேரு வந்து அழுதுட்டுப் போயிட்டாங்க. இந்தக் கேள்விய யாரும் கேக்கல."

அவள் காணொளியைக் காட்டினாள். அவன் சிரித்தான். "வயசானவங்க இப்படித்தான். எங்க மாமா ஒருத்தர் இல்லாத மாட்ட ஓட்டிட்டுத் திரிவாரு."

"எங்கம்மா உதவித்தொகைக்கு நடந்து காட்டுன பதிவு இருக்கு. போட்டுப் பாருங்க. நான்தான அவங்களுக்குப் பொறுப்பு. நான் சம்மதிக்கேன்."

"அந்தத் தடம் விழுந்து அறுபத்தஞ்சு வருசம் ஆச்சுக்கா."

"இத்தன வருசத்துல நடை மாறிரும்ங்கீங்களா?"

"வேகம் மாறும். அகலம் மாறும். ஆனா தெரிஞ்சவங்க கதவத் தட்டுனா யாருன்னு உள்ள இருந்தே சொல்லிருவோம்ல, அது கடைசிவரைக்கும் மாறாது." சொல்லிக்கொண்டே பதிவை உள்ளே அனுப்பினான். காத்திருந்த நேரத்தில், அவள் கேட்காமலே சொன்னான். "இந்த வீட்டுல வருசா வருசம் கிறிஸ்மசுக்கு முன்னாடி பலகைக்கு வார்னிஷ் அடிப்பாங்க. ரெண்டு பூச்சுக்கு நடுவுல இருக்கிறது ஒரு வருசத்து நடை. பரோட்டா மாதிரி அடுக்கு அடுக்கா இருக்கும். இந்த நடை ஒரே ஒரு அடுக்குலதான் இருக்கு."

கருவி பதில் சொன்னதும் அவன் பன்னைக் கீழே வைத்துவிட்டான். திரையில் இரண்டு நடையும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தியிருந்தன.

"சொல்லுங்க தம்பி."

"பாதம் சின்னதா இருக்கேன்னு அப்பவே நெனச்சேன். அந்தம்மா செருப்பு கீழ கண்ணாடிப் பெட்டியில இருக்கு. அதைவிட ரெண்டு விரல்கடை சின்னது. மேடத்துக்கிட்ட சொன்னேன். செருப்பு பெருசா வாங்கியிருப்பாங்கன்னுட்டாங்க."

"மேடம் இன்னும் அதத்தான் சொல்லுவாங்க," என்றது வாசலில் ஒரு குரல்.

வெட்டிவிட்ட நரைமுடி, கஞ்சி போட்ட பருத்திச் சேலை. அறக்கட்டளைத் தலைவி ஜெசிந்தா மிராண்டா. அந்த நடையில் தூக்கிச் சுமக்கப்பட்ட குழந்தை. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ.

"உங்க அம்மா பேரென்ன?"

"பேச்சிக்கனி. பதிமூணு வயசுல இங்க ஒரு பங்களாவுல பிள்ள தூக்குற வேலைக்கு இருந்தேன்னு எப்பவோ ஒருநாள் சொன்னா. எந்தப் பங்களான்னு சொன்னதில்ல. கேட்டாலும் வாயத் திறக்க மாட்டா."

"இந்த வீட்டுல அப்படி ஒரு பேரு நான் கேள்விப்பட்டதே இல்ல."

"வேலைக்கார பிள்ளைக பேர யாரு பீங்கான் தட்டுல எழுதி வைப்பா?"

ஜெசிந்தாவின் முகம் கறுத்தது. "என்ன வேணும் உங்களுக்கு? இசபெல்லாங்கிற பேர எடுத்துட்டுப் பேச்சிக்கனின்னு போடணுமா?"

"ஒரு பேரும் வேண்டாம்மா. அந்த இடத்துல என்ன கிடந்துச்சுன்னு தெரியணும். அவ்வளவுதான்." சந்தனமாரிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "எங்கம்மாவுக்குச் சர்க்கரை. பாதத்துல புண்ணு. நடக்காம இருந்தாத்தான் ஆறும். ஆனா நிக்க மாட்டேங்கா. பிடிச்சு உக்கார வச்சா எந்திரிச்சிருதா. அந்த இடத்தத் தாண்டிப் போனதுக்கப்புறம் திரும்ப விடாம பிடிச்சோம்னா, தெருவே கூடுற மாதிரி அலறுதா. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில சேத்துக் கட்டிலோட வார் போட்டுக் கட்டப்போறாங்க. இல்லன்னா கால எடுக்கணும்ங்காங்க. கையெழுத்து என்கிட்டதான் கேக்காங்க. எதத் தாண்டுதான்னு தெரிஞ்சா, ஏன் நிக்க மாட்டேங்கான்னு தெரியும்லா?"

வெளியே வெளிச்சப் பாதங்கள் போய்வந்துகொண்டிருந்தன.

"எனக்கு எட்டு மாசத்துல அம்மா போயிட்டா," என்றாள் ஜெசிந்தா, ஹாஜாவிடம் பேசுகிற மாதிரி. "வளத்தது அப்பாவைப் பெத்த கிழவி. சாகுற வரைக்கும் அவ சொன்னது ஒண்ணுதான். உங்காத்தா உன்னத் திரும்பிக்கூடப் பாக்கல, சீக்குக்காரி, பிள்ளை மேல ஒட்டே கிடையாதுன்னு. அம்மா என்னைத் தூக்கி வச்சிருக்கிற ஒரு போட்டோகூட இல்ல. இந்தத் தரை ஒண்ணுதான் சொல்லுச்சு, அந்தக் கிழவி சொன்னது பொய்னு. நாலு வருசமாத்தான் எனக்கு ஒரு அம்மா இருக்கா." அவள் சந்தனமாரியைப் பார்த்தாள். "போயிட்டு வாங்க."

மில்லர்புரத்து வீட்டுக்கு வந்தபோது ஜெபராணி வாசலிலேயே நின்றாள். "நாலு வாய் சோறு ஊட்டினேன். நடந்துக்கிட்டேதான் தின்னாவ," என்றாள்.

பேச்சிக்கனி நடந்துகொண்டிருந்தாள். இடது கை மடங்கித் தோளோடு ஒட்டியிருந்தது. வலது பாதத்துக் கட்டுத்துணியில் ரத்தம் கசிந்து, போட்டு வைத்த விரிப்பில் ஒரு வரிசையாகப் புள்ளி விழுந்திருந்தது. சந்தனமாரி குறுக்கே போய் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"எம்மா, போதும்மா. உக்காரு."

"இன்னும் ஒண்ணு இருக்குட்டி."

"என்னம்மா இருக்கு?"

"இருக்கு." அம்மாவின் கண்கள் அவளைத் தாண்டித் தரையில் எதையோ தேடின. "ஒண்ணே ஒண்ணுதான். விடு."

இந்தப் பேச்சை ஒரு வருடமாகக் கேட்கிறாள். மாத்திரை ஒன்று பாக்கி இருக்கிறதோ என்று நினைத்தாள். தனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து தவறிப்போனதோ என்றுகூட நினைத்து, தென்திருப்பேரையில் இருக்கும் மாமாவிடம் கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்றார் மாமா. "உங்கம்மா வேலைக்குப் போயிட்டுத் திரும்பி வந்ததிலருந்தே ஒரு மாதிரிதான். யாரு காலு நீட்டிப் படுத்திருந்தாலும் சுத்திப் போவா. கல்யாண வீட்டுல எல்லாரும் வரிசையாப் படுத்திருந்தா, வாசல்லயே விடியவிடிய நிப்பா," என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் ஆட்டோவில் ஜெசிந்தா மிராண்டா வந்திறங்கினாள். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாது என்று யாரோ சொல்லித்தந்த மாதிரி அதைப் பிடித்திருந்தாள்.

"திட்டத்தான் வந்தீங்கன்னா உள்ள வாங்க. வாசல்ல வேண்டாம்," என்றாள் சந்தனமாரி.

"பாக்கத்தான் வந்தேன்."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்த்தாள். பேச்சிக்கனி அவளைக் கண்டுகொள்ளவில்லை. போனாள், வந்தாள். ஜெசிந்தாவின் கட்டைவிரல் பொட்டலத்தின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தது. தேநீர் ஆறி ஆடை கட்டியது. ஏழெட்டு நடை பார்த்த பிறகு திடீரென்று எழுந்தாள்.

"ஏன் கையச் சாய்க்காங்க?"

"என்னது?"

"அந்த இடத்துக்கு வந்தவுடனே பாருங்க. இடது கையக் கொஞ்சம் எறக்கிக் கீழ சாய்ச்சுக் காட்டுதாங்க. தாண்டினவுடனே திரும்பத் தூக்கிக்கிடுதாங்க."

சந்தனமாரி பார்த்தாள். உண்மைதான். தினமும் பார்க்கிறவள், காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் கையைக் கவனித்ததில்லை. தரையில் கிடக்கிற யாருக்கோ, தோளில் இருக்கிற முகத்தைக் காட்டுவது போலத்தான் இருந்தது.

"தரையில கை தெரியாதுல்ல," என்றாள் ஜெசிந்தா. பிஸ்கட் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். "நாளைக்கு எங்களுக்கு விடுமுறை. கூட்டம் இருக்காது. அம்மாவக் கூட்டிட்டு வாங்க."

"எதுக்கு?"

"தெரியல. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி வாங்க."

வியாழக்கிழமை காலையில் பேச்சிக்கனியை நாற்காலியோடு மேலே தூக்கிப் போனார்கள், ஹாஜா ஒரு பக்கம், சூசை ஒரு பக்கம். "கிழவி கனக்கல. நாற்காலிதான் கனக்கு," என்று முனகிக்கொண்டே சூசை கீழே இறங்கித் தன் முக்காலிக்குப் போய்விட்டார். ஹாஜா விளக்குகளை அணைத்து, திரைச்சீலைகளை விலக்கினான். கடற்காற்று உள்ளே வந்தது.

"நேத்து திரும்பப் பாத்தேன் மேடம்," என்றான் ஹாஜா, கதவுக்கு நேரே குந்தி. "பெட்டி கிடந்தா மூலை பட்ட கீறல் இருக்கணும். ஒரு கீறலும் இல்ல. இந்த நடை குறுகல், இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவர்வரைக்கும் குறுக்க பலகை வழுவழுன்னு தேஞ்சிருக்கு. கால் பட்டுத் தேஞ்சதில்ல, துணி உரசித் தேஞ்சது. சுவரோரமா ரெண்டு சின்னப் பள்ளம், குதிகால் ஊனுன மாதிரி. நான்தான் பெட்டின்னு எழுதினேன். ஆளு படுத்திருந்த இடம் இது."

சந்தனமாரி அம்மாவை ஜன்னலோரம் நிறுத்திக் கையை விட்டாள்.

பேச்சிக்கனி ஒரு காலை எடுத்து வைத்தாள். பலகை முனகியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் முதுகு நிமிர்ந்தது. இடது கை மடங்கித் தோளுக்குப் போனது. நடந்தாள். வீட்டில் நடக்கிற நடை இல்லை இது, வேகமான, அச்சம் கலந்த, சின்னப் பிள்ளை நடை. கதவுக்கு நேரே வந்ததும் கையைச் சாய்த்தாள், எட்டித் தாண்டினாள், படிவரை போனாள்.

போய் நின்றுவிட்டாள்.

ஒரு வருடமாக எந்த நேரத்திலும் தானாக நிற்காதவள் நின்றாள். திரும்பி நின்றுகொண்டு, வெறுந்தரையைப் பார்த்தாள்.

"சின்னம்மா இல்லியே," என்றாள். "யாரத் தாண்டித் திரும்ப?"

"எந்தச் சின்னம்மா? என்கிட்ட சொல்லும்மா," சந்தனமாரி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"நிக்கக்கூடாதுட்டி. நின்னா கீழ கேட்டுரும்." குரல் ரகசியமாகத் தாழ்ந்தது. நின்ற இடத்திலேயே பாதங்களை மாற்றி மாற்றித் தூக்கி வைத்தாள். பலகை முனகிக்கொண்டே இருந்தது. "காலடி நின்னா பெரியம்மாவுக்குத் தெரிஞ்சிரும். 'ஏட்டி பேச்சி, தூங்கிட்டியா'ன்னு ஏறி வந்துருவாவ. வந்தா சின்னம்மா கதவு தொறந்து கிடக்கிறதப் பாத்துருவாவ."

"கதவ யாரும்மா தொறந்தது?"

"நான்தான். வெளிய கொண்டி போட்டிருக்கும். சின்னம்மா உள்ள இருந்து தட்டுவாவ, மெதுவா, நகத்தால. கொண்டிய எடுத்துவிடு பேச்சி, டாக்டரு பிள்ளையத் தொடப்பிடாதுன்னுதான் சொன்னாரு, பாக்கப்பிடாதுன்னு சொல்லலியேன்னாவ." அவள் சிரித்தாள். பல்லில்லாத வாயில் பதிமூன்று வயதுச் சிரிப்பு. "வெளிய வந்து குறுக்க படுத்துக்கிடுவாவ. நான் நிக்காம நடக்கணும், பிள்ளைக்கும் நடந்தாத்தான் தூக்கம். தாண்டிப் போ பேச்சின்னாவ. ஆளத் தாண்டப்பிடாது சின்னம்மா, ஆயுசு கொறஞ்சிரும்னேன். திரும்பத் தாண்டிட்டா சரியாப் போச்சு, நடட்டின்னாவ. நான் ஒவ்வொரு தாண்டுக்கும் திரும்பத் தாண்டுவேன். ஒண்ணுகூட விடல. கையத் தாழ்த்திக் காட்டுவேன். பிள்ள மொகத்த அப்படிப் பாப்பாவ. வாயப் பொத்திக்கிட்டுப் பாப்பாவ, மூச்சு பிள்ளை மேல படக்கூடாதுன்னு."

ஜெசிந்தா சுவரில் கையூன்றிக்கொண்டாள்.

"அன்னைக்கு இந்தப் பக்கம் தாண்டி வந்துட்டேன். சின்னம்மாவுக்கு இருமல் வந்துட்டு. வாயப் பொத்தியும் நிக்கல. பெரியம்மா ஏறி வந்துட்டாவ. இந்தா, இங்க வச்சுத்தான் என் முடியப் பிடிச்சாவ. பிள்ளையப் பிடுங்கிட்டாவ. ஒரு தாண்டு இருக்கு பெரியம்மா, ஒரு எட்டு திரும்பத் தாண்டிட்டு வந்துருதேன்னு கால்ல விழுந்தேன். விடல. விடியறதுக்குள்ள ஊருக்கு வண்டி ஏத்திட்டாவ." பாதம் மாற்றி வைப்பது வேகமாகியது. "அடுத்த மாசம் செத்துப்போனாவளாம். எங்க மாமா ஊருக்கு வந்து சொன்னாவ. ஒண்ணு பாக்கி வச்சிட்டேன். நான்தான் கொன்னுட்டேன்."

சின்ன வயதில் தம்பி தங்கையின் காலைத் தாண்டிவிட்டுத் 'திரும்பத் தாண்டு' என்று அடி வாங்காதவர்கள் அங்கே யாருமில்லை. "எங்க வீட்டுலயும் சொல்லுவாங்க," என்றான் ஹாஜா மெதுவாக, யாரையும் பார்க்காமல்.

இப்போது சந்தனமாரிக்குப் புரிந்தது. வீட்டுக் கூடத்தில் இத்தனை நாள் எத்தனை முறை தாண்டியும் ஏன் தீரவில்லை என்று புரிந்தது. ஆளில்லாத இடத்தைத் தாண்டினால் கணக்கில் சேராது. காசநோய்க்காரி எப்படியும் செத்திருப்பாள், உன் மேல் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அது அறுபத்தைந்து வருடம் பிந்திய பேச்சு என்று பட்டது. அம்மாவின் பாதக் கட்டு முழுவதும் நனைந்திருந்தது.

பலகை முனகியது, மறுபக்கத்திலிருந்து. ஜெசிந்தா மிராண்டா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கதவுக்கு நேராகப் போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து, அப்புறம் நடைக்குக் குறுக்கே மல்லாந்து படுத்தாள். கஞ்சி போட்ட சேலை மொடமொடத்தது. அவளுடைய குதிகால்கள் சுவரோரம் அந்தப் பள்ளங்களுக்குப் பக்கத்தில் போய் இருந்தன. கொஞ்சம் நகர்த்திப் பள்ளத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"மேடம்..." என்றான் ஹாஜா.

"சும்மா இரு." அவள் மேலே மரவிட்டத்தைப் பார்த்தபடி சொன்னாள். "பேச்சி. தாண்டி வாட்டி."

பேச்சிக்கனி கூர்ந்து பார்த்தாள். சந்தனமாரியின் கையை மெதுவாக விலக்கினாள். நடந்தாள். ஜெசிந்தாவின் அருகில் வந்ததும் இடது கையைத் தாழ்த்தி, சாய்த்து, வெறுமையைக் காட்டினாள். அங்கே என்ன தெரிந்ததோ, ஜெசிந்தா தன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

வலது கால் எட்டித் தாண்டியது. இடது கால் பின்னாலேயே வந்தது.

ஜன்னல்வரை போனாள். அங்கே சுவரில் சாய்ந்து, சரிந்து, கால் நீட்டி உட்கார்ந்தாள். கையை மடியில் இறக்கி வைத்தாள். எழுந்துவிடுவாள் என்று சந்தனமாரி காத்து நின்றாள். எழவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. சந்தனமாரி மண்டியிட்டு அந்தப் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை மாதத்தில் அந்தக் கால் அவள் கையில் ஒரு நிமிடம் தங்கியதில்லை.

மாடி முழுவதும் அரவம் அடங்கியது. ஒரு பலகைகூட முனகவில்லை.

கீழே முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது. சூசை படியின் அடியில் வந்து நின்றுகொண்டு மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "மேல என்ன? நடக்கிற சத்தத்தக் காணுமே?"

சந்தனமாரி பதற்றத்தோடு திரும்பினாள். ஜெசிந்தா இன்னும் எழவில்லை. தரையில் படுத்தபடியே, வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, படிப்பக்கம் தலையைத் திருப்பினாள்.

"ஒண்ணுமில்ல சூசை," என்றாள் மெதுவான குரலில். "சத்தம் போடாதீங்க. பிள்ள தூங்கிருச்சு."